நாற்பதாம் படி

முன்னொரு காலத்தில், எந்த ராஜ்யம் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், ஒரு ராஜாவுக்குத் திடீரென்று ஒரு யோசனை உதித்தது. காவல் வேலையில் அடிபட்டு ஊனமானவர்களுக்கு அரண்மனை மாதாமாதம் அளந்த நெல்லுக்கு ஊனப்படி என்று பெயர். இனிமேல் படி வேண்டுகிறவன் நேரில் சபைக்கு ஏறி வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்றார். சபைக்கு நாற்பது கல் படிகள்.

கோட்டைக் காவலன் இருளப்பன், மதம் பிடித்த யானையை வாசலில் மறித்து வலது காலைப் பறிகொடுத்தவன். வீட்டில் மனைவியும் மூன்று பெண்குழந்தைகளும். பாவம், தவழ்ந்தே நாற்பது படியும் ஏறினான். கருவூலத் தலைவர் மாவலிராயர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏறி வந்துவிட்டாயே, அப்புறம் ஊனம் எங்கே?"

அடுத்த மாதம் கீழேயே உட்கார்ந்திருந்தான். "ஆள் வரவில்லை" என்று எழுதிவிட்டார். என்ன அநியாயம் பாருங்கள்! இப்படியே ஒரு வருஷம் ஓடியது.

விகடகவி அம்பலத்தாடிக்கு வயிறு எரிந்தது. "மகாராஜா, இருளப்பன் வீட்டில் உலை வைத்து மூன்று நாளாயிற்று" என்றார். ராஜா குலுங்கக் குலுங்கச் சிரித்தார். விகடகவி வாயைத் திறந்தாலே அவருக்குச் சிரிப்புதான்.

விகடகவியின் செல்வாக்கைக் கண்டு வெந்துகொண்டிருந்த மாவலிராயர் எழுந்தார். "அரசே! இருளப்பன் தானும் ஏறாமல், பிறரும் தூக்காமல் நாற்பதாம் படியில் அமரட்டும், படி அளக்கிறேன். தவறினால் விகடகவி சபையை விட்டே போகட்டும்."

"சம்மதம்" என்றார் அம்பலத்தாடி.

மறுநாள் காலை இரண்டு கல்தச்சர்களை வைத்து உச்சிப்படியை நெம்பியெடுத்தார். அதைக் கீழே தரையில் போட்டார். இருளப்பன் நகர்ந்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டான். பார்க்க இறங்கப்போன ராஜா உச்சியில் பள்ளத்தைக் கண்டு தடுமாறி நின்றுவிட்டார்.

"ஒரு படி இல்லாமல் தங்களாலேயே இறங்க முடியவில்லை. இவனுக்கு ஒரு வருஷமாகப் படியே இல்லை, பிரபு!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். விகடகவிக்குப் பட்டாடை போர்த்தினார். "அவனுக்கு அந்தப் படியைக் கொடுத்துவிடுங்கள்!" என்று ஆணையிட்டார்.

சாயங்காலம் அம்பலத்தாடி ஆசை ஆசையாக இருளப்பன் வீட்டுக்குப் போனார். வாசலில் அந்தக் கல் கிடந்தது. 'படி கொடுத்தாயிற்று' என்று எழுதிக் கைநாட்டும் வாங்கிப் போயிருந்தார் மாவலிராயர்.

"சாமி, இத எந்தப் பானையில போட்டு வேகவைக்கிறது?" என்றாள் இருளப்பன் மனைவி.

"சும்மா இரு புள்ள. அவரால ஆனத செஞ்சாரு" என்றான் இருளப்பன்.

அம்பலத்தாடி பட்டாடையைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். அதை விற்றுத் தின்றால்தான் எத்தனை நாளைக்கு வரும்?

மறுநாள் சபையில் நடந்ததை நடந்தபடி சொன்னார். பாதியிலேயே குரல் உடைந்து அழுதுவிட்டார். "இது விகடமில்லை மகாராஜா, சத்தியமாக விகடமில்லை!" என்று காலில் விழுந்தார்.

ராஜாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "இன்றுபோல் என்றுமே நீர் நடித்ததில்லை, ஐயா!" என்று கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவருக்குப் போட்டார்.