மடிசஞ்சி கரையேறிய கதை

கரைக்குப் பத்தடி இருக்கும்போதே பரிசல் சேற்றில் சிக்கிக்கொண்டது. மற்றவர்களைத் தோளில் சுமந்து இறக்கிவிட்டான் பரிசல்காரன் சென்னான். யக்ஞராம கனபாடிகள் மட்டும் கையை வீசித் தடுத்தார்.

"தொடாதேடா, மடி போயிடும்! சேறும் காலில் படப்படாது. உச்சிகால பூஜைக்குள்ளே என்னைக் கோயில்ல சேர்க்கலைன்னா, இந்தத் துறை இனி உனக்கில்லே!"

சென்னான் பரிசலைச் சுற்றிப் பார்த்தான். தொடாமல் எப்படித் தூக்குவது? அவருடைய மடிசஞ்சி கண்ணில் பட்டது. யாரும் தொடாமல் உலர்த்திய மடித்துணி வைக்கும் பெரிய கம்பளிப் பை அது.

"இதைத் தொடலாங்களா, சாமி?"

"கம்பளிக்குத் தீட்டு கிடையாது."

"அப்ப நீங்க இதுக்குள்ள உக்காந்துக்குங்க."

சாஸ்திரத்தில் இதற்குத் தடை உண்டா இல்லையா என்று குழம்பிக்கொண்டே, துணிகளை வெளியே வைத்துவிட்டு உள்ளே இறங்கினார் கனபாடிகள்.

பூஜைக்கு நேரமாகிவிட்டதால் கரையில் இறக்காமல் பையோடு கோயிலுக்கே ஓடினான் சென்னான். வாசலில் கூட்டம் திகைத்தது. "என்னடா மூட்டை?"

"மடிசஞ்சிங்க."

உள்ளிருந்து குடுமி எட்டிப் பார்த்தது.

"ஐயையோ, உள்ளே இருந்த மடி வேட்டியெல்லாம் எங்கே?" என்று பதறினார் குருக்கள்.

"பத்திரமா இருக்குங்க, பரிசல்ல என் மீன்வலை மேல."

குடுமி மெல்லப் பைக்குள் போய்விட்டது. ஆசாரம் முற்றிய ஆசாமிகளுக்கு மடிசஞ்சி என்று பெயர் வந்தது அன்றைக்குத்தான் என்று எங்கள் ஆற்றோரத்தில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வார்கள்.