வினைச்சொல்லுக்கு விழுந்த தடை

முன்னொரு காலத்தில், ஏரிக்கரை உடைந்தபோது ஏரியை விட்டுவிட்டு இலக்கணத்தைப் பழுது பார்த்த ராஜா ஒருவர் இருந்தார். பெயர் விடங்கவர்மர். நல்ல மனிதர்தான். ஆனால் கோபம் வந்துவிட்டால், காதருகில் யார் நிற்கிறார்களோ அவர்கள் சொன்னதுதான் சட்டம். அந்தக் காதருகில் எப்போதும் நிற்பவர் அரசவைப் பெரும்புலவர் மாசிலாநாதர்.

உடைந்த கரையை அடைக்கும் பொறுப்பும் அவரிடம்தான் இருந்தது. பட்டுத் தலைப்பாகை கிடைக்கும் என்று தானே கேட்டு வாங்கிக்கொண்ட பொறுப்பு அது. ஒருநாள் சபையில் ராஜா கேட்டார்.

"புலவரே, கரை என்னவாயிற்று?"

"செய்துகொண்டிருக்கிறோம், அரசே."

"போன மாதமும் இதைத்தானே சொன்னீர்?"

"செய்வோம், அரசே. கட்டாயம் முடிப்போம்."

ராஜா சிம்மாசனத்தின் கைப்பிடியில் ஓங்கி அறைந்தார். "செய்வோம், பார்ப்போம், முடிப்போம்! கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. கீழ்வயல் குடிகள் நாற்றுவிட முடியாமல் தவிக்கிறார்கள். இனி இந்தச் சொற்களே என் சபையில் கூடாது!"

மாசிலாநாதருக்கு வியர்த்துக் கொட்டியது. ஆனாலும் ஆள் பலே கெட்டிக்காரர். அந்த நெருக்கடியிலும் அவர் கண் சபையின் ஓரத்தில் நின்ற விகடன் தோணியப்பன் மேல் போயிற்று. ராஜாவைச் சிரிக்க வைக்கும் அந்த மனிதனைக் கண்டாலே புலவருக்கு வயிறு எரியும். அந்த இடத்தில் தன் மைத்துனனை உட்காரவைக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. மைத்துனன் வேடிக்கை காட்டினால் சிரிக்கிற குழந்தையும் அழும் என்பது வேறு விஷயம்.

"தாங்கள் சொன்னது முற்றிலும் சரி, அரசே" என்றார் புலவர். "குற்றம் எங்களுடையதன்று; வினைச்சொல்லுடையது. ‘செய்வேன்’ என்று சொல்ல நாக்குக்கு வழி இருப்பதால்தானே மனிதன் செய்யாமல் தப்பிக்கிறான்? வந்தான், வருவான், வா என்று எந்த வடிவிலும் வினைச்சொல் சபையில் கேட்கக்கூடாது."

கோபத்தில் இருந்த ராஜாவுக்கு அது பெரிய ஞானமாகப் பட்டது. புலவர் அங்கேயே சட்டத்தை இயற்றி உரக்கச் சொன்னார்: "சபையில் வினைச்சொல் உரைத்தல் குற்றம். உரைத்தவருக்கு நாடு நீங்கல்." சொல்லிவிட்டு மீசையைத் தடவிக்கொண்டார். "என் சட்டத்திலேயே ஒரு வினைச்சொல் இல்லை, கவனித்தீர்களா?"

"காவலன் முதல் அரசன் வரை எல்லோருக்கும் இது பொது" என்றார் ராஜா பெருமையாக. "நாளை முதல் அமல். நாளை என் பிறந்தநாள். வழக்கம்போல் தோணியப்பர் கதை சொல்வார்."

சபை முழுவதும் தோணியப்பனைப் பாவமாகப் பார்த்தது. வந்தான், போனான், விழுந்தான், எழுந்தான் இல்லாமல் என்ன கதை? சொன்னால் ஊர் போகும். மறுத்தால் வேலை போகும். மாசிலாநாதர் மட்டும் புன்னகை பூத்தபடி நின்றார்.

தோணியப்பன் வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தான். பிறந்து வளர்ந்த ஊரை விட்டு எங்கே போவது?

"மூஞ்சி ஏன் இப்படித் தொங்கிப் போயிருக்கு?" என்றாள் மனைவி உலகம்மை.

அவன் நடந்ததையெல்லாம் சொன்னான். "மூட்டையைக் கட்டு, உலகம்மா. வேற வழியில்ல."

அவளுக்கு வந்ததே கோபம்! "மூட்டையும் நான்தான் கட்டணுமா? என் பொழப்பே இதுதானே! விடியுமுன்ன எந்திரிக்கிறது, ஆத்துல போயி தண்ணி தூக்கிட்டு வர்றது, அடுப்பு ஊதுறது, மாட்டைக் குளிப்பாட்டுறது, உங்க வேட்டியத் துவைக்கிறது. இப்பப் புதுசா மூட்டை கட்டுறது வேற!"

தோணியப்பன் வாய்க்குக் கொண்டுபோன சோற்றுருண்டை பாதி வழியில் நின்றது.

"இன்னொரு தரம் சொல்லு!"

"எதை? திட்டினதையா?"

"எந்திரிக்கிறது, ஊதுறது, துவைக்கிறது! அத்தனையும் வேலையோட பேரு, உலகம்மா! இதுல செஞ்சேன், செய்வேன்னு ஒண்ணாவது இருக்கா?"

"பேராம் பேரு! அத்தனையும் செஞ்சது நானு" என்று அவள் ரசத்தை ஊற்றினாள்.

விஷயம் இவ்வளவுதான். எழுந்தான் என்பது வினை. எழுதல் என்பது அந்த வேலைக்கு வைத்த பெயர். இலக்கணக்காரர்கள் அதைத் தொழிற்பெயர் என்பார்கள். ‘ஈர விறகில் அடுப்பு ஊதுதல்’ என்று நீட்டிச் சொன்னாலும், அந்த முழுத்தொடரும் கத்தரிக்காய் மாதிரி ஒரு பெயர்தான். என்ன வேலை என்று அது சொல்லும். எப்போது என்று மட்டும் சொல்லாது. இந்தக் கடைசி விஷயத்தைத் தோணியப்பன் தனியாக எடுத்து மடியில் முடிந்துகொண்டான்.

மறுநாள் சபை கூடியது. "அரசரின் வருகை! அனைவரின் வணக்கம்!" என்று கட்டியக்காரன் தட்டுத்தடுமாறிக் கத்தினான். வாயைத் திறக்கப் பயந்து மந்திரிகள் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார்கள்.

"விகடரே, கதை?" என்றார் ராஜா.

மாசிலாநாதர் காதைத் தீட்டிக்கொண்டு முன்னால் நகர்ந்தார். தோணியப்பன் கைகூப்பித் தொடங்கினான்.

"ஓர் ஊர். ஊருக்கு ஓர் ஏரி. ஏரிக்கரையில் ஓர் உடைப்பு. உடைப்பின் பக்கத்தில் ஓர் ஆலமரம். மரத்தடிக்கு ஒரு புலவரின் வருகை. வருகையின் நோக்கம், கரை அடைத்தல். முதல் வேலை, பாய் விரித்தல். இரண்டாம் வேலை, கால் நீட்டல். மூன்றாம் வேலை, குறட்டை!"

ராஜாவின் உதடு துடித்தது. மாசிலாநாதர் ஒவ்வொரு சொல்லாகப் புரட்டிப் பார்த்தார். வருகை, அடைத்தல், விரித்தல், நீட்டல். எல்லாம் பெயர். ஒரு வினையும் சிக்கவில்லை.

"மரத்தின் மேல் காகங்களின் கூச்சல். மரத்தின் கீழ் புலவரின் குறட்டை. காகங்களுக்குத் தோல்வி, வேறு மரத்துக்குக் குடிபெயர்தல். கூலியாட்களின் கேள்வி: ‘ஐயா, மண் கொட்டல் எப்போது?’ குறட்டையின் நடுவே புலவரின் பதில்: ‘நாளை!’ மறுநாளும் அதே பாய், அதே ‘நாளை’. ஒரு பக்கம் கரையின் தேய்வு. மறுபக்கம் தொந்தியின் வளர்ச்சி."

மந்திரிகள் வெற்றிலையோடு திணறினார்கள். மாசிலாநாதரின் முகம் சிவந்தது.

"ஒரு மதியம் புலவருக்குக் கனவு. கனவில் மண் சுமத்தல், அரசரின் பாராட்டு, பட்டுத் தலைப்பாகை சூடல். பூரிப்பில் புலவரின் உருளல். உருளலின் முடிவில் உடைப்பின் நடுவே ‘தொபுக்!’ அந்தத் தொந்தியால் உடைப்புக்கு அடைப்பு! ஏரிக்குப் புலவரின் ஒரே தொண்டு!"

சபை குலுங்கியது. மாசிலாநாதர் துள்ளி எழுந்தார்.

"பொய்! பச்சைப் பொய்! நான் ஏரிக்கரையில் ஒருநாளும் தூங்கவில்லை!"

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து விழுந்தது என்னவென்று அவருக்கே உறைத்தது.

"ஐயையோ, புலவரே!" என்றான் தோணியப்பன். "‘ஏரிக்கரையில் என் தூங்காமை.’ மறுப்புக்கும் ஒரு தொழிற்பெயர்! பெரும்புலவருக்கே மறதியா? அதுவும், என் கதையில் வெறும் புலவர். நடுவில் தாங்கள் ஏன்?"

ராஜா தொடையில் தட்டிக்கொண்டு வெடித்துச் சிரித்தார். "மாட்டிக்கொண்டார்! ஐயோ, வயிறு வலிக்கிறது! யாராவது நிறுத்துங்களேன்!"

சட்டென்று சபை அடங்கியது. ராஜாவின் சிரிப்பும் பாதியில் நின்றது. எத்தனை வினைச்சொல் என்று எண்ண யாருக்கும் துணிவில்லை.

"சட்டம் அனைவருக்கும் பொது, அரசே" என்றார் மாசிலாநாதர் மெல்ல. தனக்குத் துணை கிடைத்த நிம்மதி அவர் குரலில் தெரிந்தது.

ராஜா வெளிறிப்போய்த் தோணியப்பனைப் பார்த்தார். அவன் மடியில் முடிந்து வைத்திருந்ததை அப்போதுதான் அவிழ்த்தான்.

"அரசே, அச்சம் எதற்கு? ‘உரைத்தவருக்கு நாடு நீங்கல்.’ நீங்கல் ஒரு தொழிற்பெயர். தொழிற்பெயரில் காலம் எங்கே? நீங்கல் இன்றா, நாளையா, நூறு வயதுக்குப் பின்பா? எல்லாம் அரசரின் வசதி. காலம் காட்டாமை தொழிற்பெயரின் குணம். சட்டமோ புலவரின் கைவண்ணம்!"

ராஜாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது. "அப்படியானால் நூறு வயதுக்கு மேல் நல்ல நாள் பார்த்து நீங்குகிறேன்! இந்தச் சட்டம் இந்த நொடியோடு ஒழிந்தது. எல்லோரும் வாய் விட்டுப் பேசுங்கள்!"

அடக்கி வைத்திருந்த வினைச்சொற்களெல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பி மண்டபம் அதிர்ந்தது. அந்தச் சந்தடியில் மாசிலாநாதர் நெளிந்தார். "அரசே, எனக்கும் நூறு வயது வரை...?"

"அது நியாயம்தான்" என்றான் தோணியப்பன். "புலவர் ஊரை விட்டுப் போக வேண்டாம், அரசே. ஆனால் ‘செய்வோம்’ என்ற சொல்லுக்கும் ஏரியில் தண்ணீர் நிற்காது. ‘கரை அடைத்தல்’ என்ற பெயருக்கும் நிற்காது. இவரிடமிருந்து நமக்கு வேண்டியது ஒரே ஒரு வினைச்சொல். இறந்தகாலத்தில் வேண்டும். ‘அடைத்தேன்.’ அதைச் சொல்லும் வரை ஏரிக்கரையிலேயே இருக்கட்டும். கையில் மண்கூடை இருக்கட்டும். பாய் வேண்டாம்."

ராஜா கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றித் தோணியப்பனுக்குப் போட்டார். "இது என் பிறந்தநாளுக்கு. நீர் எனக்குக் காப்பாற்றிக் கொடுத்த நாட்டுக்குக் கைம்மாறாக உமக்கு இன்னும் என்ன வேண்டும், கேளும்!"

"வீட்டுக் கொல்லையில் ஒரு கிணறு வேண்டும், அரசே. ஆற்றிலிருந்து தண்ணீர் தூக்கி வருதல் என் வீட்டில் இனி வெறும் பெயராகவே இருக்கட்டும்."

மழை தொடங்கும் முன்பே மாசிலாநாதர் மீசை வரை சேறாகச் சபைக்கு வந்தார். நடுவில் நின்று, முதுகைப் பிடித்துக்கொண்டு, "அடைத்தேன்" என்றார். அவர் இயற்றிய எந்தப் பாட்டுக்கும் அந்தச் சபை அப்படிக் கை தட்டியதில்லை. தோணியப்பனும் சேர்ந்தே தட்டினான். அந்த ஆண்டு கீழ்வயல் பச்சென்று இருந்தது.

உலகம்மை மட்டும் கடைசிவரை எதையும் நம்பவில்லை. தாய்வீட்டுக்குப் போய்த் திரும்பியவள், வாசலிலேயே இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ராசா கிணறு குடுத்தாரு, குடுத்தாருன்னு ஊரெல்லாம் பேச்சு. அதை வெட்டுறது எப்போ?"

"வெட்டியாச்சு, உலகம்மா" என்றான் தோணியப்பன். "போய் எட்டிப் பாரு."