செங்கமலம் எந்திரிச்ச கதை

ஒரு ஊர்ல ஒருத்தி இருந்தான்னுதான் ஆரம்பிக்கணும். ஆனா இவளுக்கு ஒரே ஊருன்னு கெடையாதுடா கண்ணு. இன்னிக்கி இந்த ஊரு, பத்து நாள் கழிச்சு அடுத்த ஊரு. ஏன்னா அவ வாத்து மேய்க்கிறவ. பேரு செங்கமலம். வீட்டுக்காரர் கலியமூர்த்தி. ரெண்டு பேருக்கும் நானூறு வாத்து. எங்க அறுப்பு முடியுதோ அங்க ஓட்டிக்கிட்டுப் போயி, வயல்ல சிந்திக் கெடக்குற நெல்லையும் நத்தையையும் மேய விடுவாங்க. பொழுது சாஞ்சா வலை கட்டிப் பட்டியில அடைப்பாங்க. பக்கத்துலயே ஒரு கூடாரம், அதான் வீடு. ம் சொல்லு.

செங்கமலம் "பா... பா... பா..."ன்னு ஒரு கூப்பாடு போட்டா, நானூறும் பக்பக்பக்குன்னு கழுத்த நீட்டிக்கிட்டு ஓடியாரும். கலியமூர்த்தி கூப்பிட்டா நாலு வரும். அதுலயும் ஒண்ணு திரும்பிப் போயிரும்.

அப்புறம் ஒரு தை மாசம். விடிஞ்சு வெயிலு வந்துருச்சு. பட்டிக்குள்ள வாத்தெல்லாம் கத்துது. செங்கமலம் எந்திரிக்கல.

"என்ன புள்ள, காச்சலா?"ன்னு நெத்தியத் தொட்டுப் பாத்தாரு கலியமூர்த்தி. சுடல.

"இல்லங்க. எந்திரிக்க முடியல."

"எங்கயாச்சும் வலிக்குதா?"

"வலிக்கல. எதுக்கு எந்திரிக்கணும்னு இருக்கு."

என்ன நடந்துச்சா? ஒண்ணும் நடக்கலடா. யாரும் திட்டல, யாரும் சாகல. அதான் அவளுக்கே புரியல. சோறு மண்ணு மாதிரி இருந்துச்சு. கண்ணுல தண்ணி பொலபொலன்னு கொட்டுது. எதுக்கு அழுவுறேன்னு கேட்டா சொல்லத் தெரியல.

அப்போ மொதல்ல கலியமூர்த்தி கஷாயம் போட்டுக் குடுத்தாரு. கேக்கல. அப்புறம் அவரோட அக்கா வந்து வேப்பிலை அடிச்சு, மந்திரிச்சுக் கயிறு கட்டுனாங்க. அதுவும் கேக்கல. "இது சோம்பேறித்தனம்டா தம்பி, நாலு போடு போட்டா எந்திரிப்பா"ன்னு சொல்லிட்டுப் போனாங்க.

அடிச்சாரான்னா கேக்குற? இல்லடா. அவருக்கு அவளத் தெரியும். மூணு வாத்து நொண்டுனா மூணையும் தூக்கிக்கிட்டு மூணு மைல் நடந்தவ. அவளா சோம்பேறி? சைக்கிள்ல பின்னாடி உக்கார வச்சு, விறுவிறுன்னு மிதிச்சு பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனாரு.

அங்க ஒரு டாக்டரம்மா. சாப்புடுறியா, தூங்குறியான்னு கேட்டாங்க. அப்புறம் மெதுவா, "இருந்து என்ன பண்ணப் போறோம்னு தோணுதாம்மா?"ன்னாங்க.

செங்கமலம் ஆமான்னு தலைய ஆட்டுனா. கலியமூர்த்தி துண்ட எடுத்து மூஞ்சிய மூடிக்கிட்டாரு.

"சொன்னது நல்லதாப் போச்சு"ன்னாங்க டாக்டரம்மா. "இது மனசுக்கு வர்ற சீக்கு. உன் தப்பு இல்ல. மாத்திரை வேலை செய்ய மூணு நாலு வாரம் ஆவும். பொறுத்துக்க. நானா சொல்ற வரைக்கும் நிறுத்தாத. அண்ணே, நீங்க இவங்களத் தனியா விடாதீங்க."

மொத வாரம் கூடார வாசல்ல உக்காந்தா, அவ்ளோதான். ரெண்டாவது வாரம் பட்டி வரைக்கும் நடந்தா. மூணாவது வாரம் சோத்துக்கு ஊறுகா கேட்டா. கலியமூர்த்தி கடைக்கு ஓடுன ஓட்டத்தப் பாக்கணுமே! ம்... தூங்கிட்டியா? இல்லயா? சரி.

பங்குனியில நல்லாயிட்டா. ஆடியில, "நல்லாத்தான இருக்கேன், இன்னும் எதுக்கு?"ன்னு யாருக்கும் சொல்லாம மாத்திரைய நிறுத்திட்டா. புரட்டாசியில சீக்கு திரும்ப வந்துருச்சு. சொல்ல வெக்கம். பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தா.

அப்போ ஒரு நாள் மத்தியானம் கலியமூர்த்தி அரிசி வாங்கப் போயிருந்தாரு. வானம் கருத்துச்சு. டமடமடமன்னு இடி. சோன்னு மழை. பட்டி வலை டப்புன்னு அந்துருச்சு. வாத்தெல்லாம் மெரண்டு நாலாப் பக்கமும் ஓடுது. பக்கத்துல ஓடுற ஆத்துல வெள்ளம். எறங்குனா இழுத்துக்கிட்டுப் போயிரும்.

கூடாரத்துல செங்கமலம் படுத்துருக்கா. சத்தம் கேக்குது. ஒடம்பு வரல. போனாப் போவுதுன்னு சொல்லுது மனசு.

தெம்பு வந்து குதிச்சு எந்திரிச்சான்னு நெனக்காத. அழுதுக்கிட்டே எந்திரிச்சா. மொதல்ல ஒரு கையி. அப்புறம் முட்டி. அப்புறம் மழைக்குள்ள போயி நின்னு கூப்பிட்டா. காத்துதான் வந்துச்சு. திரும்பக் கூப்பிட்டா. கம்முன ஒரு சத்தம், அவ காதுக்கே கேக்கல. மூணாவது தடவ அழுகையும் கூப்பாடும் ஒண்ணாச் சேந்து, "பா... ஆ... பா..."ன்னு வந்துச்சு பாரு!

ஒரு வாத்து நின்னுச்சு. அப்புறம் பத்து. அப்புறம் பக்பக்பக்குன்னு சேறு தெறிக்கத் திரும்பி வந்துச்சு கூட்டம்.

எல்லாம் வரலடா. அம்பதுக்கு மேல ஆத்தோட போயிருச்சு.

கலியமூர்த்தி நனஞ்சுக்கிட்டே ஓடியாந்தாரு. சேத்துல உக்காந்துருந்தவ, "அம்பது போயிருச்சுங்க"ன்னா. அப்புறம், அதவிடக் கஷ்டமானதச் சொன்னா. "மாத்திரைய நிறுத்திட்டேங்க. அது திரும்ப வந்துருச்சு. சொல்லப் பயமா இருந்துச்சு."

அவரு திட்டல. பக்கத்துல சேத்துலயே உக்காந்தாரு. "வாத்துக்குஞ்சு வாங்கிக்கலாம். நாளைக்கிக் காலையில ஆஸ்பத்திரிக்குப் போவோம்"ன்னாரு.

போனாங்க. டாக்டரம்மாவும் திட்டல.

அதோட சீக்கு ஓடிருச்சான்னா? இல்லடா. இப்பவும் எப்பவாச்சும் வரும். ஆனா செங்கமலம் ஒளிக்கிறதில்ல. கண்ணு முழிச்சதும், "இன்னிக்கி முடியலங்க"ன்னு வாய்விட்டுச் சொல்லிருவா. கலியமூர்த்தி ஒரு டம்ளர் டீய அவ கையில குடுத்துட்டு, பட்டியத் தொறந்து விடுவாரு. அவ டீயக் குடிப்பா. அப்புறம், கொஞ்சம் லேட்டாவே, எந்திரிச்சுப் பின்னாடி நடப்பா.

சொன்ன வாய்க்கு ஓய்வு, கேட்ட காதுக்குத் தூக்கம். கண்ண மூடு தங்கம்.