சித்தர் மனதில் இருந்தது

காலை பத்து மணிக்கு, மேக்கப் போட்டு உட்கார்ந்திருந்த மூன்று ஞானதிருஷ்டிக்காரர்களில் டெய்சியும் ஒருத்தி. ஜெயிலிலிருந்து தப்பிய கைதியைத் தேடும் போலீசுக்கு இவர்கள் உதவ வேண்டும். எல்லாம் சீரியலில்தான்.

சித்தராக நடித்தவர் பிரபல நடிகர் பரஞ்சோதி. குறிகாரியாக வந்த டெய்சி எட்டு வருடம் கூட்டத்தில் நின்றவள். வசனம் கிடைத்தது இதுதான் முதல் முறை.

அவள் பேசி முடித்ததும் லைட்மேன்கள் கைதட்டினார்கள். பரஞ்சோதிக்கு அவர்கள் ஒருநாளும் தட்டியதில்லை.

"குறிகாரிதானே? என் மனசுல என்ன இருக்கு, சொல்லும்மா. தப்பாச் சொன்னா இந்த வேஷம் உனக்கில்லை" என்றார் அவர்.

"என்னைத் தூக்கணும்னு இருக்கு சார்" என்றாள் டெய்சி.

அவர் ஆமாம் என்றால் அவள் சொன்ன குறி சரியாகி, வேஷம் அவளுக்கே நிற்கும். பொறாமை என்று யூனிட்டே சிரிக்கும்.

"சேச்சே, நீ இருந்தா எனக்கென்ன? தாராளமா இரு" என்றார் பரஞ்சோதி.

"அப்ப தப்பாத்தான் சொல்லிட்டேன். மன்னிச்சுக்குங்க சார்."

"சாரே இருக்கச் சொல்லிட்டாரு. அடுத்த ஷாட்" என்றார் டைரக்டர்.

2019 மார்ச் 11, திங்கட்கிழமை ஒளிபரப்பான பகுதியில், கைதி ஒளிந்திருந்த இடத்தைக் குறிகாரி சொன்னாள். பின்னால் சுவரில் சித்தரின் படத்துக்கு மாலை போட்டிருந்தது.