ராணி வேஷத்துக்கு ஒரு முழுப் பாட்டு

ஆண்டு விழாவுக்குப் பள்ளிக்கூடத்தில் இசை நாடகம் போட ஏற்பாடு நடந்தது. ராணி வேஷத்துக்கு ஆள் எடுக்க உட்கார்ந்தவர் பாட்டு வாத்தியார் ஞானசிகாமணி. முன்னால் மேசையில் ஒரு மணி.

“எந்தப் பாட்டும் பாடலாம். நான் மணி அடிக்கிறதுக்குள்ள முழுசாப் பாடி முடிக்கிறவதான் ராணி” என்றார்.

முதல் பெண் ஒரு வரி முடிப்பதற்குள் மணி. அடுத்தவள் வாயைத் திறந்ததுமே மணி. ஏழு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினார்கள். அந்த வேஷத்துக்காக ஒரு மாதமாகத் தவித்துக்கொண்டிருந்த டீக்கடைக்காரர் மகள் இசக்கியம்மாள் மேடை ஏறினாள்.

“நீயுமா? இது டீ ஆத்துற வேலை இல்ல, தெரியும்ல?”

“தெரியும் சார்” என்றவள், நிமிர்ந்து நின்று பள்ளி வாழ்த்தைப் பாட ஆரம்பித்தாள்.

அந்தப் பாட்டு கேட்டால் யாரானாலும் எழுந்து, கையைத் தொங்கவிட்டு, முடியும்வரை அசையாமல் நிற்க வேண்டும். அது பள்ளிச் சட்டம். வாத்தியார் துள்ளி எழுந்தார். கை மெல்ல மணிப் பக்கம் நகர்ந்தது. வாசலில் தலைமையாசிரியையும் விறைப்பாக நிற்பதைப் பார்த்ததும், போன கை திரும்பி வந்து தொடையோடு ஒட்டிக்கொண்டது. இசக்கியம்மாள் நாலு சரணமும் கணீரென்று பாடி முடித்தாள்.

“அருமை! இவதான் நம்ம ராணி” என்றார் தலைமையாசிரியை.

“அதெப்படி மேடம்? உடுப்பை எங்க அக்கா மக அளவுக்குத் தைச்சாச்சே!”

“அவ இன்னும் மேடைக்கே வரலையே, மாஸ்டர்?”

வாத்தியார் நாக்கைக் கடித்துக்கொண்டார். கூடம் முழுக்கக் கொல்லென்று சிரித்தது.

“பரவாயில்ல சார், நான் மடிச்சுத் தைச்சுக்கிறேன்” என்றாள் இசக்கியம்மாள்.