கம்பளியை இறக்கிவிட்ட வணிகன்

சொல்கிறேன், கேளுங்கள். வழிகளுக்குப் பெயர்கூட இல்லாத காலத்தில் ஆதன் என்றொரு மிளகு வணிகன் இருந்தான். பாலை நிலம் கடப்பதில் கெட்டிக்காரன். பகலில் படுத்துக் கிடப்பான். வெயில் சாய்ந்ததும் நடப்பான். தண்ணீர்தான் உயிர், மற்றதெல்லாம் சுமை என்பான்.

வடக்கே, பனிமலைகளுக்கு நடுவே மணல்மேடுகள் உண்டென்றும், அவற்றுக்கு அப்பால் மிளகையே பார்க்காத ஊர் உண்டென்றும் கேள்விப்பட்டான். அங்கேயே குடியேற எண்ணி, மனைவி மருதியோடும் கைக்குழந்தையோடும் சித்திரையில் மலையேறினான்.

முதல் ஊரில் கேட்டான்: “மேலே மணல்தானே?”

“மணல்தான்.”

கழுதை மேலிருந்த கம்பளிகளை இறக்கிவிட்டுத் தண்ணீர்ப் பைகளை ஏற்றினான்.

இரண்டாம் ஊரில் கேட்டான்: “நிழல் உண்டா?”

“ஒரு செடிகூடக் கிடையாது.”

இன்னும் சில பைகளை ஏற்றினான்.

மூன்றாம் ஊரில் கேட்டான்: “வெயில் கடுமையோ?”

“மத்தியானத்தில் தோல் உரியும்.”

குழந்தையின் கம்பளியையும் அங்கேயே கொடுத்துவிட்டான். அவனுக்கு நிம்மதி. மருதிக்கு இல்லை. குழந்தையின் காது சில்லிட்டிருந்தது.

மணல்மேட்டின் அடிவாரத்தை அடைந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மேட்டின் உச்சியில் மணல் புகைபோல எழுந்தது. ஒட்டகம் மேய்க்கும் பெண் ஒருத்தி தன் கூடாரத்தை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“கிளம்பு, இதுதான் நடக்கிற நேரம்” என்றான் ஆதன்.

மருதி நகரவில்லை. “மூன்று ஊரில் கேட்டீரே, உமக்குத் தெரிந்ததைத்தானே கேட்டீர்?” என்றாள். பிறகு அந்தப் பெண்ணிடம், “அக்கா, இந்தப் பிள்ளையோடு இப்போது மேலே போகலாமா?” என்றாள்.

கயிற்றைப் பிடித்திருந்த கை நின்றது. “இப்போதா? விடியும்போது விறைத்துக் கிடப்பீர்கள். ஆனி பிறக்கட்டும். காலையில் ஏறி, காற்று கிளம்புமுன் இறங்கிவிடுங்கள்.”

“மணலில் குளிராம்! யாரிடம் சொல்கிறாய்?” என்று சிரித்துக்கொண்டே ஆதன் தண்ணீர்ப் பையைத் தட்டினான்.

உள்ளே பனிக்கட்டி நொறுங்கியது. சிரிப்பு நின்றது.

அன்று அவள் கூடாரத்தில் ஒண்டிக்கொண்டார்கள். விடிந்தபோது பைகள் வெடித்துக் கிடந்தன. மணல்மேடு முழுவதும் உறைபனியில் வெளுத்திருந்தது. உள்ளே குழந்தை பசிக்கு வீறிட்டது.

அந்த அழுகையைக் கேட்டபடி ஆதன் வெகுநேரம் மேட்டையே பார்த்து நின்றான். மருதி கேட்காமல் இருந்திருந்தால்?

காத்திருந்து ஆனியில் கடந்தார்கள், சேர்ந்தார்கள், வாழ்ந்தார்கள். அந்த ஒரு கேள்வி மட்டும் கடைசிவரை அவனைத் தூங்கவிடவில்லை.

தெரிந்ததையே நாலு பேரிடம் கேட்டு மனதைத் தேற்றிக்கொள்பவன் அல்ல, தெரியாததைக் கேட்பவனே ஊர் போய்ச் சேர்வான்.