தல்ஜீத் உதைச்ச கதவு

ஒரு ஊர்ல ஒரு கோவக்காரி இருந்தாளாம். இருந்தாளாம் என்ன, இருந்தா. நானே பாத்திருக்கேன். அத்தை பஞ்சாப்ல நர்ஸா இருந்தேன்ல, அப்போ. போர்வைய இழுத்துக்கோ. மாடி வீட்டம்மா உன்னைப் பேய் புடிச்சுக்கும்னு சொன்னாங்கன்னு அழுதியே, அதுக்குத்தான் இந்தக் கதை. அவங்களுக்கு நாளைக்கு இருக்கு. நீ "ம்" கொட்டு.

ம்.

அவ பேரு தல்ஜீத் கௌர். சீக்கியப் பொண்ணு. அஜாய்ப் சிங்குன்னு ஒருத்தனுக்கு ரெண்டாந்தாரமா கட்டிக் குடுத்தாங்க. மொத பொண்டாட்டி நசீப், காய்ச்சல்ல செத்துப் போயிட்டான்னு சொன்னாங்க. தல்ஜீத் வீட்டுக்குள்ள கால் வெக்கிறா, மாமியார்க்காரி ஒரு வெள்ளித் தகட்ட அவ கழுத்துல மாட்டுறா. தகட்டுல ஒரு பொம்பள மொகம்.

"இது யாரும்மா?"

"மூத்தவ. பேயா சுத்துறா. நீ எது தின்னாலும் மொதல்ல இவளுக்குக் காட்டு. இல்லன்னா உன்னைக் கொன்னுடுவா."

தல்ஜீத்துக்குச் சுருக்குன்னுச்சு. ஏன்னா அவங்க குருமாருங்க, பேய்க்குப் பயப்படாதே, தாயத்து மந்திரம்னு ஓடாதே, கடவுள் ஒருத்தர்தான், அவர் பேரச் சொல்லுன்னு சொல்லிக் குடுத்திருக்காங்க. அவ அப்பா வீட்ல விடிஞ்சா வாஹேகுரு, பொழுது சாஞ்சா வாஹேகுரு. ஆனா குரு சொன்னா எல்லாரும் கேட்டுடறாங்களா? அந்த ஊர்ல வேப்பமரத்துக்கு ஒரு பேய், வாய்க்காலுக்கு ஒரு பேய். புதுப்பொண்ணு, வாய மூடிக்கிட்டா.

அப்புறம் எருமை பால் வத்திப் போச்சு. "அவதான்!"னா மாமியார். வெறும் வைக்கோலப் போட்டா எந்த எருமை பால் குடுக்கும்? அப்புறம் பருத்தில புழு விழுந்துச்சு. "அவதான்!" பக்கத்து வயல், எதிர் வயல் எல்லாத்துலயும்தான் புழு. அங்கெல்லாம் யாரு போனா? செத்தவ எந்திரிச்சு வந்து, நான் இல்லம்மான்னு சொல்லவா போறா? சொல்லும்போதே எனக்குப் பத்திக்கிட்டு வருது.

ம்.

அப்புறம் மூணாவதா, தல்ஜீத் முழுகாம இருந்தப்ப, ஆறாம் மாசம், காய்ச்சல் கொதிச்சுது. அடிபம்புகிட்ட தொப்புன்னு விழுந்துட்டா.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க"ன்னா.

"ஆஸ்பத்திரி எதுக்கு? மூத்தவ உள்ள பூந்துட்டா"ன்னு மாமியார் பேயோட்டுறவன வரவெச்சா. அஜாய்ப் சிங் என்ன பண்ணான்? தலப்பாவ சரி பண்ணிக்கிட்டு நின்னான். ஆறடி ஆம்பள!

நல்ல பட்டப்பகல். அவளத் தரதரன்னு இழுத்துட்டுப் போயி, வைக்கோல் அறைல தள்ளி, நெருப்புச் சட்டில காஞ்ச மொளகாய அள்ளிப் போட்டு, வெளிய தாப்பா போட்டாங்க. டமார்!

குபுகுபுன்னு பொக. கண்ணு எரியுது, தொண்ட கமறுது, லொக்கு லொக்குன்னு இருமறா. "வாஹேகுரு, வாஹேகுரு"ங்கிறா. அப்புறம் அதுவும் வரல, மூச்சு இல்ல. தரையோட தரையா படுத்துட்டா. அப்போ, பக்கத்துல இன்னொருத்தி இருமற சத்தம்.

தூங்கிட்டியா?

இல்ல அத்தை.

அந்த இன்னொருத்தி அவ காதுகிட்ட சொன்னாளாம்: "கீழ்ப் பலக. கீழ உதை."

தல்ஜீத் கையால தடவிப் பாத்தா. கதவோட அடிப்பலக குழிஞ்சு விரிசல் விட்டுக் கெடக்கு, யாரோ அதே எடத்துல திரும்பத் திரும்ப உதைச்ச மாதிரி. சுத்தியும் நகம் கீறின கோடு. அவளுக்குப் புரிஞ்சு போச்சு. புரிஞ்சதும் வந்துச்சு பாரு ஒரு கோவம்! மல்லாந்து படுத்து, ரெண்டு காலையும் சேத்து, தம்! ஒண்ணும் ஆகல. தம்! சடசடன்னுச்சு. தம்! பலக பேந்து வெளிய போயி விழுந்துச்சு.

ஊர்ந்து வெளிய வந்தா. பாதி ஊரு வேடிக்க பாத்துட்டு நிக்குது.

"பாத்தீங்களா, என்னா பலம்! பேயேதான்!"னு கத்தினான் பேயோட்டுறவன். அவன் கைல இருந்த நெருப்பு இடுக்கிய தல்ஜீத் புடுங்கினா. அவன் சைக்கிள்ல ஏறினவன்தான், திரும்பியே பாக்கல.

அப்புறம் புருஷங்காரன் பக்கம் திரும்பினா. "எனக்கு முன்னாடி இந்தப் பலகைய உதைச்சது யாரு? நசீப் காய்ச்சல்லயா செத்தா? சொல்லு!"

"அம்மாதான்... தொறக்காதேன்னாங்க."

"நீ?"

அவன் மறுபடியும் தலப்பாவ சரி பண்ணான். மாமியார் கத்துறா, "இவ பேசல, பேய் பேசுது!"

"ஆமா, அவதான் பேசுறா. கேளு!"ன்னா தல்ஜீத்.

கேட்டுட்டு விட்டாளா? கண்ணெல்லாம் ரத்தச் செவப்பா, செவுரப் புடிச்சுக்கிட்டே நேரா குருத்வாராவுக்குப் போனா. அங்க தெனமும் குரு வாக்கைப் படிக்கிற பெரியவர் உக்காந்திருந்தார்.

"காலைல காலைல மைக்குல படிக்கிறீங்களே, பயப்படாதேன்னு. ரெண்டு வீடு தள்ளித்தான இருக்கீங்க. நசீப் கத்தினது உங்களுக்குக் கேக்கலையா?"

அவர் தல குனிஞ்சுட்டார். "கேட்டுச்சு மகளே. அடுத்த வீட்டு விஷயம்னு இருந்துட்டேன்."

"அதை மைக்குல சொல்லுங்க."

பெரியவர் எந்திரிச்சுப் போயி மைக்கப் போட்டார். சொன்னார். நசீப் கௌர்னு பேரச் சொல்லி, அவளப் பூட்டி வெச்சுப் பொக போட்டத சொல்லி, நான் கேட்டும் போகலன்னு சொன்னார். ஊர் பூரா கேட்டுச்சு, வயல் வர கேட்டுச்சு. அப்புறம் போலீஸ் வந்துச்சு. அம்மாவையும் மகனையும் ஜீப்ல ஏத்துச்சு.

தல்ஜீத்த என் வார்டுக்குத்தான் கொண்டாந்தாங்க. மூக்குல கொழா வெச்சு பதிமூணு நாள்.

வயித்துல பாப்பா?

பொழச்சுடுச்சு கண்ணு, பொழச்சுடுச்சு.

நான் ஒரு நாள் கேட்டேன். "ஏன் தல்ஜீத், நெஜமாவே குரல் கேட்டுச்சா? பயமா இல்லையா?"

"கேட்டுச்சுக்கா. பயமே இல்ல. அவ என் மேல கோவப்படவே இல்லையே. இவங்க மேல கோவப்படத்தான் அவளுக்கு மூச்சு மிஞ்சல. அதான் அவளுக்கும் சேத்து நான் படுறேன்"னா. சொல்லிட்டு லொக்கு லொக்குன்னு இருமினா.

அவ்ளோதான். கதை தீந்துடுச்சு, கோவம்தான் தீரல. அத அத்தை பாத்துக்கறேன், நீ தூங்கு.